நீர் புகுந்த போர்ஷே பாக்ஸ்டர் ஸ்டார்ட் ஆகாதபோது: மின்கோளாறுகளைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறையான 986, 1996இல் வெளிவந்து 2004 வரை தயாரிக்கப்பட்டது. கூரையை மடக்கித் திறக்கக்கூடிய பழைய கார்களில் நல்ல ஓட்டமும் கைக்கு எட்டும் விலையும் சேர்ந்து அமைந்தவை குறைவு. அவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் இதன் அமைப்பில் ஒரு பலவீனம் இருக்கிறது. கதவுப் பூட்டு, திருட்டு அலாரம், இம்மொபிலைசர் ஆகியவற்றை ஒன்றாகக் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை, இடப்பக்க ஸ்டியரிங் உள்ள கார்களில், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தரையின் தாழ்வான பள்ளத்திலேயே வைத்திருக்கிறார்கள். துணிக்கூரையில் விழும் மழைநீர் வெளியேற வழியின்றி உள்ளே இறங்கினால், முதலில் தேங்குவது அந்தப் பள்ளத்தில்தான். சாவியின் தலைக்குள் இருக்கும் சிறு சில்லைப் படித்து, சரியான சாவிதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே எஞ்சினை இயங்க விடுவது இம்மொபிலைசரின் வேலை என்பதால், அந்தப் பெட்டி நனைந்த கார், எஞ்சினில் எந்தக் குறையும் இல்லாதபோதும் நின்ற இடத்தை விட்டு நகராது.

இத்தகைய கார்களில் பலரும் செய்யும் தவறு, ஸ்டார்ட்டரையும் பேட்டரியையும் அடுத்தடுத்து மாற்றிப் பார்ப்பது. பாக்ஸ்டரில் ஸ்டார்ட்டர், காரின் நடுவில் படுத்திருக்கும் எஞ்சினுக்கு மேலே, காற்றுக் குழாய்களுக்கு அடியில் இருக்கிறது. அதைக் கழற்றுவதற்கே அரைநாள் வேலை வேண்டும். அத்தனை உழைப்புக்கும் பிறகு பழைய ஸ்டார்ட்டரில் குறையே இல்லை என்று தெரியவந்தால், பணமும் நாளும் போனதுதான் மிச்சம். ஆகவே இந்த வழிகாட்டி, நீர் எங்கே போனதோ அந்த வழியிலேயே கோளாற்றையும் தேடிச் செல்கிறது. மல்டிமீட்டர் ஒன்று, சாக்கெட் தொகுதி ஒன்று, நல்ல கைவிளக்கு ஒன்று, பொறுமை ஆகியவை இருந்தால் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துவிடலாம்.

சாவியைத் திருகுவதற்கு முன்

கார்பெட்டில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் நம்ப வேண்டாம். இந்தக் காரின் கார்பெட்டுக்கு அடியில் தடிமனான பஞ்சு இருக்கிறது, அது வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளங்கையை ஊன்றி முழு எடையையும் கொடுத்தால் விரலிடுக்கில் நீர் ஊறி வரும். அப்படி வந்தால், "ஒரே ஒரு முறை திருகிப் பார்ப்போம்" என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, பேட்டரியின் இணைப்பைத் துண்டியுங்கள்.

இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மின்னணுத் தகட்டை வெறும் நீர் அவ்வளவு விரைவாகக் கெடுப்பதில்லை. நீரும் மின்னழுத்தமும் சேரும்போதுதான் அழிவு வேகமெடுக்கிறது. 12 வோல்ட் நிற்கும் செப்புத் தடத்துக்கும் பக்கத்தில் உள்ள கிரௌண்ட் (பேட்டரியின் எதிர்முனையோடு சேரும்) தடத்துக்கும் நடுவே அழுக்கு நீர் நின்றால், அங்கே மின்பகுப்பு நடக்கிறது; நேர்மின் பக்கத்துச் செம்பு கரைந்து பச்சை உப்பாக மாறுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டால் ஒரு வாரம் நனைந்து கிடந்த பெட்டிகூடப் பிழைக்க வாய்ப்புண்டு; இணைப்போடு விட்டால் இரண்டு நாளே போதும். கனடா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, செருப்போடு வந்து கார்பெட்டில் ஊறியிருக்கும். அந்த உப்புநீர் இந்த அரிப்பைப் பல மடங்கு விரைவுபடுத்தும்.

பேட்டரி முன்பக்கச் சாமான் அறையில், முன்கண்ணாடியை ஒட்டிய பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கிறது. பிற்காலத்து 986 கார்களில் முன்மூடியின் பூட்டு மின்சாரத்தால் திறப்பது. பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தால் மூடி திறக்காது. அதற்காகவே ஓட்டுநரின் காலருகே உள்ள ஃபியூஸ் பெட்டியில், வெளியே இழுக்கக்கூடிய சிவப்பு முனை ஒன்று வைத்திருக்கிறார்கள். வேறொரு பேட்டரியின் நேர்முனையை அதிலும், எதிர்முனையைக் கதவின் உலோகக் கொக்கியிலோ கீலிலோ சேர்த்துவிட்டு மூடியைத் திறக்கலாம். அது பூட்டைத் திறப்பதற்குப் போதுமான சிறு மின்சாரத்துக்காக மட்டும் அமைந்த முனை. அதன் வழியாக எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முயலக் கூடாது.

எதிர்முனையைக் கழற்றுவதற்கு முன் இரண்டு சிறு காரியங்களை நினைவில் வையுங்கள். கதவுக் கண்ணாடிகள் இறங்குமானால் சிறிதளவு இறக்கிவிடுங்கள். கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாகச் சற்று இறங்குவது இந்தக் காரின் அமைப்பு. மின்சாரம் இல்லாமல் கதவை அறைந்து சாத்தினால் கண்ணாடி கூரையின் ரப்பரில் மோதும். அடுத்து, இணைப்பு கழன்றிருக்கும் வரை முன்மூடியைச் சாத்தாதீர்கள். சாத்தினால் பேட்டரி உள்ளேயும் நீங்கள் வெளியேயும் நிற்க நேரும்.

மழைநீரா, வெள்ள நீரா?

கூரை வழியே கசிந்த மழைநீர் என்றால் எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தெருவில் தேங்கிய வெள்ளத்தில் கார் நின்றிருந்தால் கதை வேறு. பாக்ஸ்டரின் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய், இடக் கதவுக்குப் பின்னால் உள்ள பக்கவாட்டுத் திறப்பில் இருக்கிறது. நீர்மட்டம் அதை எட்டியிருந்தால், அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆழமான நீரில் எஞ்சின் அணைந்திருந்தால், சிலிண்டருக்குள் நீர் போயிருக்கலாம். நீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டரால் சுழற்றினால், பிஸ்டனை எஞ்சினின் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அத்தகைய காரில் முதலில் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் சேர்ந்துவிட்டது. காற்று வடிகட்டியை எடுத்து ஈரம் பாருங்கள். ஐயம் இருந்தால் ஸ்பார்க் பிளக்குகள் ஆறையும் கழற்றிவிட்டு, இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தடுப்பை எடுத்து, கிராங்க் புல்லியின் (எஞ்சினின் சுழல்தண்டு முனையில் உள்ள சக்கரம்) போல்ட்டில் 24 மில்லிமீட்டர் சாக்கெட்டை மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தடையின்றிச் சுற்றினால் மேலே போகலாம். எங்காவது கெட்டியாக நின்றால் அங்கேயே நிறுத்திவிட்டு எஞ்சின் வேலை தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே நல்லது. கீழே வருவன யாவும், எஞ்சின் நலமாக இருக்கிறது என்று உறுதியான கார்களுக்கு உரியவை.

பேட்டரியைத் தனியாகச் சோதித்தல்

நனைந்த பெட்டி பல வேளைகளில் பேட்டரியையும் சேர்த்தே கொன்றிருக்கும். எனவே காரிலிருந்து துண்டித்த நிலையில், சில மணி நேரம் ஓய்வில் விட்ட பிறகு அளவெடுங்கள். 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் முழு மின்னூட்டம். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9க்குக் கீழே என்றால் காலி. காலியான பேட்டரியை வெளியே எடுத்து மெதுவான சார்ஜரில் ஏற்றி, ஓர் இரவு விட்டு மறுபடி அளவெடுங்கள். மீண்டும் 12.4க்குக் கீழே இறங்கினால் அதை நம்பி எந்தச் சோதனையையும் தொடங்காதீர்கள். மின்னழுத்தம் குறைந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தாறுமாறாக நடந்துகொள்ளும். அந்தப் பொய் அறிகுறிகளைத் துரத்தினால் நாள் முழுதும் வீணாகும்.

அறிகுறிகளைச் சேர்த்துப் படித்தல்

இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும்; நோய் என்னவென்பது பெரும்பாலும் இந்த இடத்திலேயே புலப்பட்டுவிடும். ஒவ்வோர் அறிகுறியையும் தனிக் கோளாறாக எண்ணாமல், எவையெல்லாம் ஒரே பெட்டியின் வேலை என்று கூட்டிப் பாருங்கள். ரிமோட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியவில்லை. கதவுப் பிடியை இழுத்தால் கண்ணாடி இறங்கவில்லை. நள்ளிரவில் அலாரம் தானாக ஒலித்தது. இப்போது சாவியைத் திருகினால் டாஷ்போர்டு விளக்குகள் எரிந்தும் ஸ்டார்ட்டரிலிருந்து சத்தமே இல்லை. இவற்றுள் மூன்று சேர்ந்து தோன்றினாலே, இருக்கைக்குக் கீழுள்ள பெட்டி நனைந்துவிட்டது என்று ஏறக்குறைய துணிந்து சொல்லலாம். கதவுப் பூட்டும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று தோன்றும். இந்தக் காரில் அவ்விரண்டும் ஒரே தகட்டில் சந்திக்கின்றன.

மாறாக, பூட்டும் கண்ணாடியும் விளக்கும் ஒழுங்காக இருந்து, ஸ்டார்ட்டர் மட்டும் "டக்" என்று ஒரே ஒரு முறை ஒலித்து நின்றால், பெட்டியை விட்டுவிட்டுத் தடித்த கேபிள்களையும் கிரௌண்டையும் பாருங்கள். "டக் டக் டக்" என்று விரைவாக அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியின் அழுத்தம் சரிகிறது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லை என்றால் அதற்குரிய பகுதி பின்னால் வருகிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. ரிமோட்டின் சிறு பேட்டரி தீர்ந்துபோனதால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ரிமோட் பொத்தானுக்குத்தான் அந்த பேட்டரி வேண்டும். இம்மொபிலைசர் படிக்கும் சில்லுக்குத் தனியாக பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையச் சுருளிலிருந்தே அது ஆற்றலைப் பெறுகிறது. ஆகவே இரண்டாவது சாவி இருந்தால் அதைக் கொண்டு முயன்று பாருங்கள். அந்தச் சாவியில் ஸ்டார்ட் ஆனால் முதல் சாவியின் சில்லுதான் குற்றவாளி. இருக்கையைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை.

இருக்கையைக் கழற்றுதல்

இருக்கையின் அடியில் ஏர்பேக் அமைப்போடு சேர்ந்த இணைப்பு இருக்கிறது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, முனை திரும்பத் தொடாதபடி துணி சுற்றி, குறைந்தது கால் மணி நேரம் காத்திருந்த பிறகே இருக்கையைத் தொடுங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் நிறக் கனெக்டரில் மல்டிமீட்டரின் முனையை ஒருபோதும் வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே போதுமான ஆபத்து. இருக்கை வெளியே இருக்கும்போது சாவியை ஆன் நிலைக்குத் திருகினால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து நினைவகத்தில் பதிந்துவிடும். பிறகு அதை அழிப்பதற்கு போர்ஷேக்கு உரிய கருவி தேவைப்படும்.

இருக்கையைப் பிடித்திருப்பவை நட்சத்திர வடிவத் தலை கொண்ட நான்கு போல்ட்டுகள். வழக்கமான அறுகோண சாக்கெட்டைப் போட்டால் தலை உருண்டுவிடும். முன்னும் பின்னும் நகர்த்தி நான்கையும் எடுத்து, இருக்கையைப் பின்னால் சாய்த்து, அடியில் உள்ள கனெக்டர்களை விடுவித்து, ஒருவர் உதவியுடன் தூக்கி வெளியே வையுங்கள். தண்டவாளங்களின் கூர்முனை கதவோரத்து வண்ணத்தைக் கீறிவிடும் என்பதால் அங்கே பழைய போர்வை ஒன்றை விரித்துக்கொள்வது நல்லது.

கார்பெட்டை உயர்த்தும்போதே பள்ளத்தில் நிற்கும் நீர் தெரியும். முதலில் கடற்பஞ்சாலும், கிடைத்தால் ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனராலும் நீரை எடுங்கள். கார்பெட்டை முடிந்தால் முழுதாக வெளியே எடுத்துச் செங்குத்தாகத் தொங்கவிடுவதே சரியான முறை. காருக்குள்ளேயே காயவைக்க வேண்டியிருந்தால் அடியில் கட்டைகள் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, மின்விசிறியும் ஈரப்பதம் நீக்கும் கருவியும் சேர்த்து ஓட விடுங்கள். நான்கைந்து நாளாவது ஆகும். மேலே காய்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு இருக்கையைப் பூட்டினால் ஒரு மாதத்தில் பூஞ்சை வாடை வரும், கோளாறும் கூடவே திரும்பும்.

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

கனெக்டர்களைப் பிடுங்குவதற்கு முன் அவற்றின் நிலையைப் படமெடுத்து வையுங்கள். பிறகு பெட்டியை எடுத்து, மூடியின் பிளாஸ்டிக் பிடிகளை மெல்ல நெகிழ்த்தித் திறக்க வேண்டும். நான் முதன்முதலாகத் திறந்தது, மேப்பிள் மரத்தடியில் இலையுதிர் காலம் முழுவதும் நின்றிருந்த ஒரு காரின் பெட்டி. மூடியைச் சாய்த்தவுடன் ஒரு கரண்டி அளவு பழுப்பு நீர் மேசையில் கொட்டியது. தகட்டின் கீழோரத்தில், கனெக்டர் ஊசிகளின் அடிவாரத்தில், மயில்துத்தம் போல நீலப்பச்சைப் படிவு பூத்திருந்தது. ஓர் ஊசி விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது. ஆனால் மேல்பாதியில் உள்ள பாகங்கள் புதிதாக வாங்கியவை போலப் பளிச்சென்று இருந்தன. நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைத் தகட்டின் மீதே ஒரு கோடாகப் பார்க்க முடிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளவைதான் உங்கள் வேலைக்களம்.

முதலில் காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். நனைந்ததை மீண்டும் நீரால் கழுவுவதா என்று தயங்க வேண்டாம். உப்பும் சேறும் நீரில்தான் கரையும், ஆல்கஹாலில் கரையாது. பிறகு 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பல்துலக்கியைத் தோய்த்து, ஊசிகளின் இடுக்குகளிலும் சில்லுகளின் கால்களிலும் ஒரே திசையில் தேயுங்கள். ஆல்கஹால் எஞ்சிய நீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். பின்னர் வெதுவெதுப்பான, காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். அரிசி மூட்டையில் புதைப்பதால் பயனில்லை; அரிசித் தூசிதான் ரிலேக்களுக்குள் (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்சுகள்) போகும். சூடான காற்று ஊதும் கருவியையும் மிக அருகில் காட்டக் கூடாது.

காய்ந்த பின் பூதக்கண்ணாடி வழியே பாருங்கள். அறுந்த தடங்களை மெல்லிய கம்பியால் பற்றவைத்து இணைக்கலாம். உள்ளே நீர் போன ரிலேக்களை மாற்றலாம். மின்னணு வேலையில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் தகட்டை அத்தொழில் அறிந்தவரிடம் கொடுப்பதே உத்தமம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: பெட்டி எவ்வளவு சிதைந்திருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். உங்கள் சாவிகளின் குறியீடுகளும் எஞ்சின் கணினியுடனான இணைப்புக் குறியீடும் அந்தத் தகட்டில் உள்ள ஒரு சிறு நினைவகச் சில்லில் இருக்கின்றன. மற்ற யாவும் அழிந்த பின்னும் அந்தச் சில்லு பிழைத்திருக்கக் கூடும். அதைப் படித்து, பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்த அதே வகைப் பெட்டிக்குள் எழுதிவிட்டால், உங்கள் பழைய சாவிகளே வேலை செய்யும். அந்தச் சில்லு போய்விட்டால் புதுப் பெட்டியும், விற்பனையகத்தின் குறியீடுகளும், அதற்குரிய கருவியும் தேவைப்படும். செலவு பல மடங்காகும். குறியீடுகள் எதையும் மாற்றாமல் வேறொரு காரின் பெட்டியை அப்படியே மாட்டினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி ஏமாறுவோர் நிறையப் பேர்.

வயர்களும் கிரௌண்டுகளும்

பெட்டியைச் சரிசெய்த பின்னும் கோளாறு தொடர்ந்தால் ஒயரிங்கில் கையை வையுங்கள். கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர்த்தொகுதியின் மேல் சுற்றியுள்ள நாடா நீரைப் பஞ்சு போலப் பிடித்து வைக்கும். ஒரே நிறத்து வயர்கள் பல ஒன்றாகச் சேர்த்து நசுக்கப்பட்ட இணைப்புகள் அந்த நாடாவுக்குள் மறைந்திருக்கும். அவற்றில் பழுப்பு வயர்கள் கிரௌண்டுக்கு உரியவை. நாடாவை வெட்டிப் பார்த்தால் இணைப்பு பச்சைப் பொடியாகி இருப்பதை அடிக்கடி காணலாம்.

மெல்லிய செப்பிழைகளின் இடுக்கு வழியே நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, உறைக்குள்ளேயே ஏறிச் செல்லும். எனவே உறையைச் சீவிப் பார்க்கும்போது செம்பு கறுத்திருந்தால், பளபளக்கும் சிவப்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில வயர்களில் ஒரு சாண் வரைகூடப் போக நேரும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. பிடித்தது போல் தோன்றினாலும் ஒரு குளிர்காலம் தாங்காது. புதிய இணைப்பின் மேல், உள்ளே பசை தடவிய சுருங்கு குழாயைப் போட்டுச் சூடேற்றினால் நீர் மறுபடி புகாது.

கிரௌண்டைச் சோதிக்க ஓம் அளவு உதவாது. ஒரே ஓர் இழை மட்டும் எஞ்சிய கேபிளும் மீட்டரில் சுழியம் காட்டும், பாரம் ஏறியதும், அதாவது நிறைய மின்சாரம் ஓடத் தொடங்கியதும், கைவிடும். ஆகவே பாரத்தின்போது விழும் மின்னழுத்தத்தை அளவெடுக்க வேண்டும். பேட்டரியை இணைத்து, மீட்டரை டிசி வோல்ட் நிலையில் வைத்து, நீண்ட வயரின் உதவியால் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறு முனையைக் கியர்பெட்டியின் வெற்று உலோகத்திலும் வையுங்கள். ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், உடலையும் எஞ்சினையும் இணைக்கும் பட்டையோ அதன் போல்ட் அடியோ அரித்திருக்கிறது. நேர்முனைப் பக்கத்தில் 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம். சுழலும்போது பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியே தளர்ந்துவிட்டது.

ஸ்டார்ட்டர் இன்னும் அசையவில்லை என்றால்

நீருக்குத் தொடர்பில்லாத இரண்டு பழைய குற்றவாளிகள் இங்கே குழப்புவதுண்டு. ஒன்று, சாவித் துவாரத்துக்குப் பின்னால் உள்ள மின்சுவிட்ச். அந்தக் காலத்து ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களில் வந்த அதே பாகம்தான். விலை குறைவு, தேய்மானம் அதிகம். சாவியை எடுத்த பின்னும் விசிறி ஓடுவது, சாவியைச் சற்று ஆட்டினால் ஸ்டார்ட் ஆவது ஆகியன அதன் அடையாளங்கள். மற்றொன்று, வட அமெரிக்க மேனுவல் கார்களில் உள்ள கிளட்ச் பெடல் சுவிட்ச். பெடலை முழுதாக அழுத்தாவிட்டால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாது. இவை இரண்டையும் மீட்டரால் சரிபார்த்த பிறகே ஸ்டார்ட்டரின் மீது பழி போட வேண்டும். ஸ்டார்ட்டரின் சிறு முனைக்குச் சாவி திருகும்போது 12 வோல்ட் வந்தும் அது அசையாதபோதுதான் அதைக் கழற்றும் அரைநாள் வேலைக்கு நியாயம் உண்டு.

சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை

சுழலும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். சற்றேனும் துள்ளினால் எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரிலிருந்து சைகை வருகிறது; சுழியத்திலேயே ஒட்டிக்கிடந்தால் அந்தச் சென்சாரையோ அதன் கனெக்டரையோ ஐயுறலாம். சாவியை ஆன் செய்ததும் எரிபொருள் பம்பு ஓரிரு நொடி முனகும். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்பு என்ற வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் பற்றவில்லை என்றால் இம்மொபிலைசர் எஞ்சின் கணினிக்கு இன்னும் அனுமதி தராமல் இருக்கலாம். பெட்டிக்கே திரும்பிப் போக வேண்டும்.

மலிவான ஓபிடி2 கருவி (காரின் சோதனை முனையில் செருகிப் பிழைகளைப் படிப்பது) எஞ்சின் கணினியின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். அலாரம் பெட்டியோடு அதற்குப் பேசத் தெரியாது. "கருவியில் எந்தப் பிழையும் இல்லை" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டியூராமெட்ரிக் போன்ற, போர்ஷேக்கென்றே அமைந்த கருவி இருந்தால் அலாரம் பெட்டி பதில் சொல்கிறதா இல்லையா என்பதே பாதி விடையைத் தந்துவிடும்.

ஓடுகிறது, ஆனால் பேட்டரி தீர்ந்துபோகிறது

நனைந்து பிழைத்த பெட்டி சில வேளைகளில் உறங்க மறுக்கும். காரைப் பூட்டி, மீட்டரை ஆம்பியர் நிலையில் பேட்டரியின் எதிர்முனைக்கும் கேபிளுக்கும் நடுவே வைத்து, அரை மணி நேரமாவது காத்திருந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்கினால் நலம். அரை ஆம்பியர் என்று நின்றால், ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி கரைகிறது; 70 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நான்கு நாளிலேயே ஸ்டார்ட் செய்யும் வலுவை இழந்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கியதும் அளவு சரிகிறதோ அந்தச் சுற்றைத் தொடருங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருகினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீர் வந்த வழி

இதைக் கண்டுபிடிக்காமல் பெட்டியைத் திரும்ப மாட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் பிடிப்பதுதான். பாக்ஸ்டரின் துணிக்கூரை மடிந்து அமரும் பள்ளத்தின் இரு மூலைகளிலும் வடிகால்கள் உள்ளன. கூரையின் ஓரத்தில் வழியும் மழைநீரெல்லாம் அங்கே இறங்கி, பின்சக்கரங்களுக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து வடிகாலை அடைத்துவிட்டால் நீர் பள்ளத்தில் உயர்ந்து, கார்பெட்டுக்கு மேல் வழியும். இருக்கைக்குப் பின்புறத் தரை அதிகம் நனைந்திருந்தால் இதையே முதலில் பாருங்கள்.

கூரையைப் பாதித் தூக்கிய நிலையில் நிறுத்தி, மூலையில் உள்ள சல்லடைக் கிண்ணத்தை எடுத்துக் கழுவி, மென்மையான பிளாஸ்டிக் கம்பியை வடிகாலுக்குள் மெல்லச் செலுத்தி அடைப்பை எடுங்கள். அழுத்தமான காற்றைச் செலுத்துவதை நான் ஏற்பதில்லை. குழாய் தன் இணைப்பிலிருந்து உள்ளுக்குள்ளேயே கழன்றுவிட்டால், நீர் முழுவதும் நேராகக் காருக்குள் போகும், வெளியே இருந்து அது தெரியவும் தெரியாது.

முன்பக்கக் கால்வைக்கும் இடம் நனைந்திருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பேட்டரியின் இருபுறமும் முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள வடிகால்கள் ஒன்று. கதவின் உள்தட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நீர்த்தடுப்புப் படலம் மற்றொன்று: கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் நீரை வெளிப்பக்கமே வைத்திருப்பது அந்தப் படலம்தான், ஒலிபெருக்கி மாற்றியவர்கள் அதைப் பிய்த்துவிட்டுச் சரியாக ஒட்டாமல் விடுவது வழக்கம். 2002 வரை வந்த கார்களின் பின்கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது. மடிப்பில் வெடித்திருந்தால் அதுவும் ஒரு வழியே. கோடையில் மட்டும் தெளிந்த நீர் சேர்ந்தால் ஏசி வடிகால் அடைத்திருக்கிறது.

சோதிக்கும்போது குழாயால் கார் முழுவதையும் நனைத்துவிடாதீர்கள். ஒரு செம்பு நீரை எடுத்து, கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக ஊற்றி, உள்ளே ஒருவர் விளக்குடன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் துளி எங்கே தோன்றுகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். கார்பெட் வெளியே இருக்கும் இந்த நாட்களே அதற்கு ஏற்ற வேளை.

இது பாக்ஸ்டருக்கு மட்டும் உரிய கோளாறன்று. பிஎம்டபிள்யூவின் முதல் இசட்4இல் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் மோட்டார் வடிகால் பள்ளத்திலேயே இருப்பதால், அடைப்பு ஏற்பட்டதும் அது மூழ்கி எரிகிறது. மூடிய கூரை கொண்ட ஃபோக்ஸ்வாகன் பஸாட்டின் ஐந்தாம் தலைமுறையில்கூட, கதவுகளைக் கவனிக்கும் பெட்டி ஓட்டுநரின் கார்பெட்டுக்கு அடியில்தான். காரின் தாழ்ந்த இடம் எது, அங்கே எந்தப் பெட்டி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு தொடங்கினால், இங்கே சொன்ன வரிசை அவற்றுக்கும் பொருந்தும்.

திரும்பப் பூட்டுதல்

சரிசெய்த பெட்டியைப் பழைய பள்ளத்திலேயே படுக்க வைக்காதீர்கள். வயர்த்தொகுதி அனுமதிக்கும் அளவுக்கு உயர்த்தி, இருக்கையின் நகர்வுக்குத் தடையில்லாத இடத்தில், கனெக்டர்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். சிலர் காற்றுப் புகாத உணவு டப்பாவில் அடைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளே குளிரில் வியர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியைத் திறந்தே விட்டால் மேலிருந்து விழும் நீரும் படாது, ஈரமும் தங்காது. கனெக்டர் ஊசிகளில் மின்காப்புக் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள்.

கார்பெட்டின் அடிப்பஞ்சு முழுதாகக் காய்ந்த பின், இருக்கையை வைத்து, ஏர்பேக் கனெக்டரைப் பூட்டி, கடைசியாக பேட்டரியை இணையுங்கள். அப்போது அலாரம் ஒலிக்கக் கூடும். சாவியைக் கதவில் திருகினால் அடங்கும். கதவைத் திறந்து கண்ணாடி இறங்குகிறதா, உள்விளக்கு எரிகிறதா, ரிமோட்டுக்குப் பூட்டு பதில் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் சாவியை ஆன் நிலையில் சில நொடி வைத்துவிட்டுப் பிறகு திருகுங்கள். எஞ்சின் பற்றியதும் பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

அன்றே, காரைச் சமதளத்தில் நிறுத்தி, கூரைப் பள்ளத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு லிட்டர் நீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் தாரை அறாமல் விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் வடிகாலில் இன்னும் மண் இருக்கிறது. இலை உதிர்ந்து முடிந்த பின் ஒரு முறை, பனி உருகிய பின் ஒரு முறை என்று ஆண்டுக்கு இருமுறை அந்த ஒரு லிட்டரை ஊற்றிப் பாருங்கள்.